மூன்று சக்கர சைக்கிளுக்குக் காற்றடைத்த கால்நடை மருத்துவர்

அடுத்த முறை வீட்டுக் காரின் பக்கத்தில் நிற்கும்போது சற்றே குனிந்து டயரைப் பாருங்கள். 185/65 ஆர் 15 என்பது போன்ற எண்கள் அதன் பக்கவாட்டில் பொறிக்கப்பட்டிருக்கும். கூடவே ஒரு நிறுவனத்தின் பெயரும் இருக்கும். அது டன்லப் என்றிருந்தால், அந்தப் பெயருக்குரிய மனிதர் கார் பொறியாளர் அல்லர் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் குதிரைகளுக்கும் மாடுகளுக்கும் வைத்தியம் பார்த்தவர். அவர் பெயரைத் தாங்கிய தொழில் பல இலட்சம் பவுனுக்குக் கைமாறிய நாளில் அவர் அதில் பங்காளியாகக்கூட இல்லை.

ஜான் பாய்ட் டன்லப் 1840ஆம் ஆண்டு பிப்ரவரி 5ஆம் தேதி ஸ்காட்லாந்தின் டிரெகார்ன் என்ற சிற்றூரில், விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். இரண்டு மாதம் முன்னதாகவே பிறந்துவிட்ட குழந்தை. தம் உடல் பலவீனமானது என்ற எண்ணம் அவரை வாழ்நாள் முழுவதும் விடவில்லை. எதிலும் அவசரப்படாமல், உடம்பை அலட்டிக்கொள்ளாமல் வாழ்ந்தார். வேடிக்கை என்னவென்றால், அப்படிப் பயந்து பயந்து வாழ்ந்தவர் 81 வயது வரை பெரிய நோய் நொடி எதுவும் இல்லாமல் இருந்தார்.

எடின்பரோவில் கால்நடை மருத்துவம் படித்த டன்லப், சில ஆண்டுகள் சொந்த நாட்டில் வேலை பார்த்துவிட்டு 1867இல் அயர்லாந்துக்குப் போனார். முதலில் டவுன்பேட்ரிக்கில் சகோதரருடன் சேர்ந்து மருத்துவமனை நடத்தினார். பின்னர் பெல்பாஸ்ட் நகரின் மே தெருவில் பெரிய அளவில் தொழில் தொடங்கினார். குதிரைக்கு லாடம் அடிக்க மட்டும் 12 பேர் அவரிடம் வேலை செய்தார்கள் என்றால் தொழிலின் அளவை ஊகித்துக்கொள்ளலாம். அந்தக் காலத்தில் ஊரின் போக்குவரத்து முழுக்கக் குதிரைகளின் முதுகில்தான் இருந்தது. கல் பதித்த சாலையில் வண்டி இழுத்துக் கால் கெட்டுப்போன குதிரைகளை அவர் நாள்தோறும் பார்த்தார்.

1887இல் அவருக்கு 47 வயது. மகன் ஜானிக்கு ஒரு மூன்று சக்கர சைக்கிள் இருந்தது. அதன் சக்கரங்களில் காற்றில்லாத கெட்டி ரப்பர் பட்டை. கல் பாவிய தரையில் அதை மிதிக்கப் பையன் படாத பாடு பட்டான், உடம்பெல்லாம் குலுங்கியது. தந்தை யோசித்தார். மெல்லிய ரப்பர் தாளைக் குழாயாக ஒட்டி, ஒரு மரத் தட்டின் விளிம்பில் சுற்றி, மேலே துணியைப் போர்த்தி இறுக்கினார். கால்பந்துக்குக் காற்றடிக்கும் பம்பினால் அதற்குள் காற்றை ஏற்றினார்.

அடுத்து அவர் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. உடனே சைக்கிளில் மாட்டிவிடவில்லை. மருத்துவமனை முற்றத்தில் இரண்டு சக்கரங்களை உருட்டிவிட்டார். ஒன்று சைக்கிளின் பழைய சக்கரம், மற்றது தாம் செய்த காற்றுச் சக்கரம். பழைய சக்கரம் பாதியிலேயே நின்று சாய்ந்தது. காற்றுச் சக்கரமோ முற்றத்தின் கடைசி வரை ஓடி, வாயில் தூணில் மோதித் திரும்பி வந்தது. ஆய்வுக்கூடம் இல்லை, கருவிகள் இல்லை. ஆனாலும் ஒன்றை மட்டும் மாற்றி, மற்றதோடு ஒப்பிட்டுப் பார்க்கும் முறையான சோதனை அது. உங்கள் அறிவியல் பாடத்தில் மாறி, மாறிலி என்று படிப்பதெல்லாம் அந்த முற்றத்தில் இருந்தது.

காற்றுச் சக்கரம் ஏன் அதிக தூரம் ஓடியது? சாலையில் ஒரு சிறு கல் கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கெட்டிச் சக்கரம் அதன் மேல் ஏறும்போது வண்டியும் ஆளும் சேர்ந்து மேலே தூக்கப்படுகிறார்கள். ஒவ்வொரு கல்லிலும் இப்படி ஏறி விழுவதிலேயே வேகம் கரைந்துவிடுகிறது. காற்றடைத்த டயர் அந்தக் கல்லைத் தனக்குள் வாங்கிக்கொள்கிறது. கல் இருக்கும் இடத்தில் மட்டும் அமுங்குகிறது, வண்டி மேலே எழும்புவதில்லை. இதில் சொகுசு பாதிதான். தரையை விட்டு எழும்பிய சக்கரத்தால் வண்டியைத் திருப்பவும் முடியாது, நிறுத்தவும் முடியாது. டயர் எந்நேரமும் சாலையைத் தொட்டுக்கொண்டிருந்தால்தான் வண்டி ஓட்டுபவரின் சொல்லைக் கேட்கும்.

1888 ஜூலையில் டன்லப் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். டிசம்பர் 7ஆம் தேதி அது கிடைத்தது. ஆனால் தடித்த டயர் பூட்டிய சைக்கிளைப் பார்த்தவர்கள் சிரித்தார்கள். மெலிந்த சக்கரம்தான் வேகம் தரும் என்பது அன்றைய நம்பிக்கை. அந்தச் சிரிப்பை அடக்கியவர் வில்லி ஹியூம் என்ற சைக்கிள் வீரர். பெல்பாஸ்ட் சங்கம் ஒன்றின் தலைவரான அவர், காற்று டயர் பூட்டிய சைக்கிளை முதன்முதலில் விலை கொடுத்து வாங்கியவர். 1889 மே 18ஆம் தேதி பெல்பாஸ்ட் குவீன்ஸ் கல்லூரி மைதானத்தில் அவர் கலந்துகொண்ட நான்கு பந்தயங்களிலும் அவரே முதலாவதாக வந்தார். பின்னர் லிவர்பூலிலும் நான்கில் மூன்றை வென்றார்.

தோற்றவர்களில் ஹார்வி டு கிராஸ் என்ற டப்ளின் வணிகரின் பிள்ளைகளும் இருந்தார்கள். பிள்ளைகள் தோற்றதற்காக அவர் வருந்திக்கொண்டிருக்கவில்லை. வெற்றி பெற்ற டயரைக் கவனித்தார். அதே ஆண்டு டப்ளினில் நிறுவனம் உருவானது. டன்லப் தம் காப்புரிமையை 1,500 பங்குகளுக்கு டு கிராஸிடம் ஒப்படைத்தார்.

பிறகுதான் இடி விழுந்தது. டன்லப்பின் காப்புரிமை செல்லாது என்ற செய்தி 1890இல் வந்தது. ஏறத்தாழ 43 ஆண்டுகளுக்கு முன்பே இன்னொருவர் இதைச் செய்து பதிவும் செய்துவிட்டார். அவரும் ஸ்காட்லாந்துக்காரர்தான். பெயர் ராபர்ட் வில்லியம் தாம்சன். 1845இல், தம் 23ஆம் வயதில், காற்றடைத்த சக்கரத்துக்கு அவர் காப்புரிமை பெற்றிருந்தார். 1847இல் இலண்டன் ரீஜண்ட்ஸ் பூங்காவில் குதிரை வண்டிகளில் அதைப் பூட்டி ஓட்டியும் காட்டினார். ரப்பர் பூசிய துணிக் குழாய், மேலே தோல் உறை. அது நன்றாகவே ஓடியது. ஆனால் அன்று சைக்கிளும் பரவவில்லை, காரும் பிறக்கவில்லை. ரப்பரும் விலை அதிகம். தாம்சன் ஜாவா தீவுக்குச் சீனி ஆலை இயந்திர வேலையாகப் போய்விட்டார். அவருடைய சக்கரத்தை உலகம் மறந்தே போனது.

டன்லப் அதைக் கேள்விப்படாமலே, தம் போக்கில் அதே இடத்துக்கு வந்து சேர்ந்தவர். திருட்டு எதுவும் இல்லை. ஆனாலும் முதலில் பதிவு செய்தவர் இருக்கும்போது சட்டம் இரண்டாமவருக்கு உரிமை தராது. ஐம்பது வயதில் அவர் எப்படி உணர்ந்திருப்பார் என்று எண்ணிப் பாருங்கள். நிறுவனம் பிழைத்தது வேறு வழியில். டன்லப் டயரில் ஒரு பெரிய குறை இருந்தது: அது சக்கரத்தோடு சேர்த்து ஒட்டப்பட்டிருந்தது. பொத்தல் விழுந்தால் பிரிப்பதே பெரும் வேலை. மீண்டும் ஒட்டினால் பசை காய வேண்டும். கழற்றி மாட்டக்கூடிய டயரை வெல்ச், பார்ட்லெட் என்ற இருவர் 1890இல் தனித்தனியே கண்டுபிடித்தார்கள். அந்த உரிமைகளை நிறுவனம் விலைக்கு வாங்கித் தன்னைக் காப்பாற்றிக்கொண்டது.

அதே குறையைப் பிரான்சில் மிஷ்லின் சகோதரர்களும் கண்டுகொண்டார்கள். 1891இல் பாரீசிலிருந்து பிரெஸ்ட் சென்று திரும்பும் சுமார் 1,200 கிலோமீட்டர் பந்தயத்தில், அவர்களின் கழற்றக்கூடிய டயரில் ஓட்டிய சார்ல் தெரோன், டன்லப் டயரில் ஓட்டியவரை முந்தினார். 1895இல் பாரீஸ்–போர்தோ–பாரீஸ் கார் பந்தயத்தில் மிஷ்லின்கள் காருக்குக் காற்று டயர் பூட்டி ஓட்டினார்கள். வழி நெடுகப் பொத்தல், பொத்தலுக்கு மேல் பொத்தல். குறித்த நேரத்துக்குள் வந்து சேர முடியவில்லை. இருந்தும் சில ஆண்டுகளில் எல்லாக் கார்களும் அந்த வழிக்கே வந்தன.

இங்கே சற்று நின்று, தொடக்கத்தில் பார்த்த எண்களுக்குத் திரும்புவோம். 185 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 65 என்றால் பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 65 விழுக்காடு. 15 என்பது நடுவிலுள்ள ரிம்மின் விட்டம், அங்குலத்தில். இனி ஒரு சின்னக் கணக்கு. கார் 1,200 கிலோ. ஒரு சக்கரத்துக்கு 300 கிலோ, அதாவது ஏறத்தாழ 2,940 நியூட்டன். டயரின் காற்றழுத்தம் 220 கிலோபாஸ்கல். விசையை அழுத்தத்தால் வகுத்தால் சுமார் 134 சதுர சென்டிமீட்டர் வரும். ஓர் அஞ்சலட்டையைவிடச் சிறிய இடம்! முழுக் குடும்பத்தையும் ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் போகும் கார், இப்படி நான்கு துண்டு ரப்பரால்தான் சாலையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

அதே கணக்கு இன்னொன்றையும் சொல்கிறது. காற்றழுத்தம் மாறாமல் அகலமான டயரைப் போட்டால், சாலையைத் தொடும் பரப்பு பலரும் நினைப்பதுபோல் பெருகிவிடாது, வடிவம்தான் மாறும். நீளம் குறைந்து அகலம் கூடும். பக்கச்சுவரும் குட்டையாக இருந்தால் வளைவில் டயர் குறைவாக நெளியும். ஸ்டியரிங்கைத் திருப்பியதும் கார் சட்டென்று திரும்பும். காய்ந்த சாலையில் இது சுகம். நம் ஊர் மாலை மழையில் கதை வேறு. அகலமான டயர் அதிகத் தண்ணீரைத் தள்ளியாக வேண்டும். தள்ள முடியாத வேகத்தில் டயர் தண்ணீர் மேல் மிதக்கத் தொடங்கும். அப்போது ஸ்டியரிங்கும் பிரேக்கும் இருந்தும் பயனில்லை. தண்ணீருக்கு வழிவிடுவது டயரின் பள்ளங்கள்தான். சட்டம் கேட்கும் குறைந்தபட்ச ஆழம் 1.6 மில்லிமீட்டர், மழை நாளில் அது போதும் என்று நான் நினைக்கமாட்டேன். என் நண்பர் ஒருவர் அழகுக்காகப் பெரிய ரிம் மாட்டி, செலவை ஈடுகட்டப் பழைய டயர்களை வாங்கிப் போட்டார். பள்ளம் ஆழமாகத்தான் இருந்தது, ஆனால் ரப்பர் வயதாகி இறுகிவிட்டிருந்தது. முதல் மழையிலேயே கார் சாலை ஓரத் தடுப்பை முத்தமிட்டது. ரப்பர் மென்மையாக இருந்தால்தான் சாலையின் சிறு மேடுபள்ளங்களைப் பற்றும். டன்லப்பின் முற்றத்தில் கண்ட அதே உண்மைதான் இது.

டன்லப் 1892இல் டப்ளினுக்குக் குடியேறினார். நிறுவனக் கூட்டங்களும் வழக்குகளும் அவருக்கு ஒத்துவரவில்லை. 1895இல் விலகி, மிச்சமிருந்த பங்கையும் விற்றுவிட்டார். மறு ஆண்டே டு கிராஸ் அந்தத் தொழிலை ஹூலி என்பவருக்கு 30 இலட்சம் பவுனுக்கு விற்றார். ஹூலி அதையே 50 இலட்சம் பவுனுக்குப் பொதுமக்களிடம் பங்குகளாக விற்றார். புதிய நிறுவனத்தின் பெயரில் டன்லப் இருந்தார். அதன் இலாபத்தில் இல்லை. அவர் ஒரு துணிக்கடையில் பங்கு வாங்கிக்கொண்டு அமைதியாக வாழ்ந்தார். ஏமாற்றப்பட்டார் என்று சொல்லிவிட முடியாது. கேட்ட விலைக்குத்தான் கொடுத்தார். ஆனால் ஓராண்டு பொறுத்திருந்தால் என்று அவருக்கு ஒரு நாளாவது தோன்றாமல் இருந்திருக்குமா?

அந்த முற்றத்தின் கதை நம் குடும்பங்களையும் வந்து தொட்டது. டன்லப்புக்குக் காப்புரிமை கிடைத்த அதே 1888இல்தான் ஹென்றி ரிட்லி சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் இயக்குநராக வந்து சேர்ந்தார். 1877இல் பிரிட்டனிலிருந்து வந்த 22 ரப்பர் கன்றுகளின் வழித்தோன்றல்கள் இங்கே வளர்ந்திருந்தன. ரப்பர் நடுங்கள் என்று தோட்டக்காரர்களிடம் சொல்லிச் சொல்லியே பைத்தியக்கார ரிட்லி என்று பெயர் வாங்கினார் அவர். 1896இல் மலாக்காவில் டான் சே யான் தோட்டம் போட்டார். சைக்கிளும் காரும் பெருகப் பெருக மலாயாவில் காடுகள் ரப்பர்த் தோட்டங்களாயின. மரம் சீவத் தமிழ்நாட்டிலிருந்து கப்பல் கப்பலாக ஆட்கள் வந்தார்கள். டன்லப் நிறுவனமே பின்னர் மலாயாவில் தோட்டங்களை வாங்கியது. விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, மங்கில் சொட்டிய பாலை வாளியில் சேர்த்த உங்கள் பாட்டனுக்கும் பாட்டிக்கும், அந்தப் பால் எந்த ஊர்ச் சாலையில் உருளப் போகிறது என்று தெரிந்திருக்காது. தாடி வைத்த அந்த வைத்தியருக்கும் இவர்களைத் தெரியாது.

1921 அக்டோபரில் டன்லப்புக்குச் சளி பிடித்தது. சாதாரணமாகத்தான் தோன்றியது. 23ஆம் தேதி டப்ளினில் காலமானார். டீன்ஸ்கிரேஞ்ச் இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டார். காற்று டயரின் வரலாற்றை அவர் தம் கையாலேயே எழுதி வைத்திருந்தார். அது அவர் மறைவுக்குப் பிறகு நூலாக வெளிவந்தது. பின்னாளில் வட அயர்லாந்தின் பத்து பவுன் நோட்டு ஒன்றில் அவருடைய நீண்ட தாடி முகம் அச்சானது. அவர் செய்த முதல் டயர்களுள் ஒன்று எடின்பரோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதே நகரில்தான் தாம்சனும் 1873இல் மறைந்தார்.