பூட்சுக்குப் பாலிஷ் போட்ட பாடகர்!

அமெரிக்காவில் "ஃபங்க்" என்று ஒருவகைச் சங்கீதம் உண்டு. கேட்டால் கால் தானாக ஆடும். அதைக் கேட்டுப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் தேட வேண்டிய பெயர், ஜேம்ஸ் பிரவுன்.

1933-ம் ஆண்டு மே மாதம் 3-ந் தேதி, தென் கரோலினா மாநிலத்தில், ஒரு மரக் குடிசையில் பிறந்தார். ஏழைக் கறுப்பர் குடும்பம். சிறு வயதிலேயே தாய் பிரிந்து போய்விட்டார். அகஸ்டா நகரில், உறவினர் வீட்டில் வளர்ந்தார்.

பருத்தி எடுத்தார். பூட்சுக்குப் பாலிஷ் போட்டார். ராணுவ வீரர்கள் முன்னால் நடனம் ஆடி, அவர்கள் வீசிய காசைப் பொறுக்கினார். நல்ல உடை இல்லை என்று பள்ளிக்கூடத்தில் இருந்து திருப்பி அனுப்பிவிட்டார்கள்!

1949-ல் கார்களை உடைத்துத் திருடியதாகச் சிறைக்குப் போனார். அங்கே பக்திப் பாட்டுப் பாடினார். பாபி பேர்ட் என்ற பாடகரின் குடும்பம் உதவி செய்ய, 1952-ல் வெளியே வந்தார். இருவரும் சேர்ந்து பாடினார்கள். 1956-ல் முதல் இசைத்தட்டு வந்தது.

சொந்தப் பணம்

நியூயார்க் அப்போலோ தியேட்டரில், ரசிகர்களின் ஆரவாரத்தோடு தன் கச்சேரியைப் பதிவு செய்ய விரும்பினார். கம்பெனி முதலாளி பணம் தர மறுத்தார். 1962-ல் சொந்தப் பணத்தைப் போட்டுப் பதிவு செய்தார். மறு ஆண்டு வெளிவந்த அந்த இசைத்தட்டு, 66 வாரம் விற்பனைப் பட்டியலில் நின்றது!

முதல் அடி

அதுவரை கறுப்பர் பாட்டுகளில், நான்கு எண்ணினால் இரண்டாவதும் நான்காவதும்தான் ஓங்கி ஒலிக்கும். பிரவுன் முதல் அடிக்கு அழுத்தம் கொடுத்தார். கித்தாரும் சாக்சபோனும்கூட மேளம் மாதிரி ஒலித்தன. 1967-ல் வந்த "கோல்ட் ஸ்வெட்" பாட்டைக் கேளுங்கள். ராகம் தேடினால் ஏமாற்றம்தான். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று விரல் மடக்குங்கள். மறுபடி "ஒன்று" வரும்போது மொத்தக் கோஷ்டியும் வந்து விழும். அதுதான் ஃபங்க்.

அபராதம்!

வாத்தியக்காரர்களிடம் கண்டிப்பானவர். தப்பாக வாசித்தால் அபராதம். பூட்ஸ் பளபளக்காவிட்டாலும் அபராதம்! பாடிக்கொண்டே விரலைக் காட்டித் தொகையைச் சொல்வார். பொறுக்க முடியாமல் 1970-ல் பலர் விலகிப் போனார்கள். உடனே ஒரு இளைஞர் கோஷ்டியை விமானத்தில் வரவழைத்துக் கச்சேரியை நடத்தினார்.

பாட்டில் சிங்கம், வீட்டில் அப்படிச் சொல்ல முடியாது. மனைவியை அடித்ததாக வழக்குகள் வந்தன. 1988-ல் மறுபடியும் சிறைக்குப் போனார்.

"ஃபங்கி டிரம்மர்" பாட்டையும் அவசியம் கேட்க வேண்டும். 1969-ல் பதிவானது. நடுவில் மற்ற வாத்தியங்கள் ஓய்ந்துவிடும். கிளைட் ஸ்டபிள்ஃபீல்ட் சுமார் 20 விநாடி தனியாக டிரம் அடிப்பார். பிற்காலத்தில் ராப் பாடகர்கள் அதை நகல் எடுத்து, நூற்றுக்கணக்கான பாட்டுகளில் சேர்த்தார்கள். பாட்டின் உரிமை பிரவுன் பெயரில் இருந்தது. அடித்தவருக்கு உரிமைத்தொகை இல்லை. இது என்ன நியாயம்?

2006-ம் ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று பிரவுன் இறந்தார். உடலை அப்போலோ தியேட்டர் மேடையில் வைத்தார்கள். பார்க்க வந்தவர்கள் தெருவில் நீண்ட வரிசையில் நின்றார்கள்.