சங்கரதாஸ் சுவாமிகள்

சங்கரதாஸ் சுவாமிகள் (செப்டம்பர் 7, 1867 – நவம்பர் 13, 1922) தமிழ் நாடக ஆசிரியரும் நடிகரும் ஆவார். இவர் தூத்துக்குடி அருகேயுள்ள காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தார். உப்பளத்தில் கணக்கராகப் பணியாற்றிய பின், 24ஆம் வயதில் நாடகத்துறைக்கு வந்தார். வள்ளி திருமணம், பவளக்கொடி முதலிய நாடகங்களை இயற்றினார்.

சிறுவர் நாடகப் பயிற்சி

அக்கால நடிகர்கள் பலர் எழுதப்பட்ட உரையாடலை விடுத்து மேடையில் மனம்போனபடி பேசிவந்தனர். இதனால் சுவாமிகள் 1918இல் மதுரையில் சிறுவர்களைக் கொண்டு தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தோற்றுவித்தார். டி. கே. சண்முகம் அதில் சேர்ந்தபோது சுமார் ஆறு வயதுச் சிறுவர். திருக்குறள், நாலடியார் போன்ற நூல்களின் கருத்துகள் உரையாடல்களில் கலந்திருந்தமையால், நாடகப் பாடமே இலக்கியப் பாடமாகவும் அமைந்தது.

மறைவு

இறுதிக் காலத்தில் பக்கவாதத்தால் பேச்சிழந்த சுவாமிகள் புதுச்சேரியில் காலமானார். இவரிடம் பயின்ற டி. கே. எஸ். சகோதரர்கள் 1925இல் தனிக்குழு தொடங்கினர்.