வியாபாரம் படிக்கப் பள்ளிக்கூடம் வைத்த மில் முதலாளி

வியாபாரம் படிக்க ஒரு பள்ளிக்கூடமா? கடையில் போய் உட்கார்ந்தால் தானாக வந்துவிடாதா?

1962-ல் மதுரையில் பலர் இப்படித்தான் நினைத்திருப்பார்கள். அந்த ஆண்டில்தான் கருமுத்து தியாகராசச் செட்டியார் இங்கே ஒரு நிர்வாகவியல் பள்ளியைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 69. பல ஆலைகளுக்கு முதலாளி. ஓய்வு எடுத்துக்கொண்டு வீட்டில் இருந்திருக்கலாம்.

அதற்கு முந்திய ஆண்டில்தான் மத்திய சர்க்கார் கல்கத்தாவிலும் ஆமதாபாத்திலும் இந்தப் படிப்புக்கென்று இரண்டு பெரிய நிலையங்களை அமைத்திருந்தது. அவற்றுக்கு அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் துணையும் இருந்தது. மதுரையில் அந்தக் காரியத்துக்குத் தனி மனிதர் ஒருவர் முன்வந்தார்.

பெட்டியடிப் பையன்கள்

செட்டியார் 1893-ம் ஆண்டு ஜூன் 16-ந் தேதி, சிவகங்கைச் சீமையில் ஒரு நகரத்தார் குடும்பத்தில் பிறந்தார்.

நகரத்தார் வியாபாரம் கற்ற விதம் அலாதியானது. பையனுக்குச் சிறு வயதிலேயே மனக்கணக்கும் வட்டிக் கணக்கும் பாடமாகிவிடும். பிறகு கப்பல் ஏறுவான். பர்மா, மலாயா, இலங்கை என்று எங்கே கடை இருக்கிறதோ அங்கே போவான். கடையில் பணப்பெட்டிக்குப் பக்கத்தில் அவனுக்கு இடம். அதனால் அவனுக்குப் பெட்டியடிப் பையன் என்று பெயர். எடுபிடி வேலை செய்வான். பெரியவர்கள் பேரம் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பான். யாரை நம்பிக் கடன் கொடுக்கிறார்கள், யாருக்குக் கையை விரிக்கிறார்கள் என்று கவனிப்பான். பேரேடு எழுதப் பழகுவான். சொத்து எவ்வளவு, கடன் எவ்வளவு என்று திரட்டிப் பார்க்கும் ஐந்தொகைக் கணக்கும் அவனுக்கு வந்துவிடும். கெட்டிக்காரனாக இருந்தால் அடுத்தாள் ஆவான். பிறகு கடையையே நடத்தும் ஏஜெண்டு ஆவான். ஏஜெண்டுக்குத் தவணை மூன்று வருடம். தவணை முடிந்ததும் ஊர் திரும்பி முதலாளியிடம் கணக்கை ஒப்படைக்க வேண்டும்.

இந்தக் கட்டுரையை எழுதுகிறவன் கல்லூரியில் பொருளாதாரம் படித்தவன். ஐந்தொகை என்ற சொல் காதில் விழுந்ததே படிப்பு முடிந்த பிறகுதான்!

ஆனால் அந்தக் கல்விக்கு ஒரு வேலி இருந்தது. உறவுக்காரர் பிள்ளைக்கும் ஊர்க்காரர் பிள்ளைக்கும்தான் அது கிடைத்தது. கரிசல் காட்டில் பருத்தி விதைத்தவன் மகனுக்கும், மதுரையில் தறி நெய்தவன் மகனுக்கும் பெட்டியடியில் உட்கார இடம் கிடையாது.

பஞ்சும் நூலும்

தியாகராசர் கொழும்பில் ஆங்கிலம் படித்தார். தாயகம் திரும்பிய பின் காங்கிரசில் சேர்ந்தார். சுதேசிப் பேச்சு நாடெங்கும் ஒலித்த காலம் அது. மதுரையில் அப்போது பெரிய பஞ்சாலை என்றால் அது ஆர்வி துரைமாருடையது. நம் கரிசலில் விளைந்த பஞ்சை வெள்ளைக்காரர் நூலாக்கி விற்றார்கள். அந்த ஊரில் 1920-களில் செட்டியார் ஸ்ரீ மீனாட்சி மில்லைத் தொடங்கினார்.

நகரத்தார் பலர் அன்று வட்டித் தொழிலில் இருந்தார்கள். கொடுத்த பணம் வட்டியோடு திரும்பும். மில் அப்படியல்ல. கட்டிடத்திலும் இயந்திரத்திலும் பணம் முடங்கிவிடும். பஞ்சைப் பருவத்தில் மொத்தமாக வாங்கிவைக்க வேண்டும். நூலை வருடம் முழுவதும் விற்க வேண்டும். இடையில் விலை சரிந்தால் நஷ்டம் முதலாளி தலையில். கூலியோ வாரம் தவறாமல் கொடுத்தாக வேண்டும். இதற்குப் பெட்டியடிக் கணக்கு மட்டும் போதாது. எதை எப்போது வாங்குவது, ஆயிரக்கணக்கான ஆட்களை எப்படி வேலை வாங்குவது, பழுதான இயந்திரத்தை என்ன செய்வது என்று தெரிந்த நிர்வாகிகள் வேண்டும். அப்படிப்பட்டவர்கள் எங்கே கிடைப்பார்கள்?

செட்டியாரின் மில் ஒன்று பலவாயிற்று. 1943-ல் பாங்க் ஆப் மதுரா தோன்றியது. அதைத் தொடங்கியவரும் இவரே. கட்டாய இந்தியை எதிர்த்து நின்றார். 'தமிழ்நாடு' என்று ஒரு நாளிதழ் நடத்தினார்.

இவர் வரலாற்றில் வழக்கும் உண்டு. வேறு ஆட்களின் பெயரில் நடந்த விற்பனையின் லாபம் யாருடையது என்று வருமான வரி இலாகாவுக்கும் மீனாட்சி மில்லுக்கும் தகராறு. அது சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. லாபம் மில்லுடையதே என்று 1956-ல் தீர்ப்பாயிற்று. மில் தோற்றது. வரிச் சட்டம் படிக்கும் மாணவர்கள் அந்தத் தீர்ப்பை இன்றும் படிக்கிறார்கள். முதலாளியின் வெற்றி ஒரு பாடம் என்றால் அவர் தோற்ற வழக்கும் பாடம்தானே?

கல்லூரிக்குப் பின் கல்லூரி

1949-ல் தெப்பக்குளத்தின் அருகே தியாகராசர் கல்லூரி வந்தது. அங்கே ஔவை துரைசாமிப் பிள்ளை போன்ற பெரும் புலவர்கள் தமிழ் கற்பித்தார்கள். பின்னாளில் கவிஞர்களாகப் புகழ் பெற்ற அப்துல் ரகுமானும் நா. காமராசனும் அங்கே படித்தவர்கள். 1957-ல் திருப்பரங்குன்றத்தில் பொறியியல் கல்லூரி. அதற்குப் பிறகுதான் 1962-ல் நிர்வாகவியல் பள்ளி.

இத்தகைய பள்ளிகளில் பாடம் நடக்கும் முறை கேட்கச் சுவையானது. அமெரிக்காவில் ஆர்வர்டில் பழக்கத்துக்கு வந்த முறை அது. ஒரு கம்பெனியின் உண்மைக் கதையை மாணவர் கையில் கொடுப்பார்கள். சரக்கு தேங்கிவிட்டது, கையில் பணம் இல்லை, போட்டிக்காரன் விலையைக் குறைத்துவிட்டான். நீ முதலாளியாக இருந்தால் என்ன செய்வாய்? ஒருவன் சொல்வதை இன்னொருவன் மறுப்பான். வகுப்பே பேரம் பேசும் கடையாகிவிடும். பெட்டியடிப் பையன் மூன்று வருடம் காதைத் தீட்டிக்கொண்டு கற்றதும் ஏறக்குறைய இதைத்தான். ஒரு வித்தியாசம் உண்டு. வகுப்பில் தப்பாகச் சொன்னால் யார் பணமும் போகாது.

இருக்கிற தொழிலை நடத்துவது போக, புதிதாகத் தொழில் தொடங்குவதையே பாடமாகச் சொல்லித்தரும் வழக்கம் நம் நாட்டில் 1970-களில் குஜராத்திலிருந்து பரவியது. தொழில்முனைவு என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். செட்டியார் அதைப் பாடமாகப் படித்தவரல்லர்.

மக்கள் அவரைக் கலைத்தந்தை என்று அழைத்தார்கள். 1974-ம் ஆண்டு ஜூலை 29-ந் தேதி, 81-வது வயதில் அவர் காலமானார்.

அவர் தொடங்கிய பாங்கு 2001-ல் ஐசிஐசிஐ பாங்கோடு இணைந்தது. பாங்க் ஆப் மதுரா என்ற பெயர்ப் பலகைகள் கீழே இறங்கின. நிர்வாகவியல் பள்ளி இன்று திருப்பரங்குன்றம் பாம்பன் சுவாமி நகரில் அவர் பெயரோடு நடக்கிறது. கடை வாசலையே மிதித்திராத வீட்டுப் பிள்ளைகளும் அங்கே ஐந்தொகை போடக் கற்கிறார்கள்.