பூவுக்குள் ஒரு பேன், அதற்கொரு பெயர்

ஆறாம் படிவத்தில் உயிரியல் படித்த எவருக்கும் கார்ல் லின்னேயஸ் என்ற பெயர் தெரிந்திருக்கும். உயிரினங்களுக்கு இருசொற் பெயரிடும் முறையை நிலைநாட்டியவர் என்று ஒரு வரி எழுதி மதிப்பெண் வாங்கிவிடுவோம். பூக்களில் வாழும் இலைப்பேன்களை நுண்ணோக்கியின்கீழ் வைத்து இனங்காணப் பழகியபோதுதான் அவர் எனக்கு நெருக்கமானார்.

லின்னேயஸ் 1707-ஆம் ஆண்டு சுவீடனில் ரோஷுல்ட் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை ஒரு பாதிரியார். தோட்டக்கலையில் பெரும் நாட்டமுடையவர். பல்கலைக்கழகத்தில் சேரக் குடும்பப் பெயர் தேவைப்பட்டபோது, தம் நிலத்தில் நின்ற லிண்டன் மரத்தை நினைத்து லின்னேயஸ் என்று வைத்துக்கொண்டவர். பெயர் சூட்டுவது மகனுக்குத் தந்தைவழிச் சொத்து போலும்!

1735-இல் நெதர்லாந்தில் மருத்துவப் பட்டம் பெற்ற ஆண்டிலேயே ‘சிஸ்டமா நேச்சுரே’ நூலை வெளியிட்டார். அப்போது அது பெரிய தாளில் ஏறத்தாழப் பன்னிரண்டு பக்கம்தான். 1758-இல் வந்த பத்தாம் பதிப்பிலோ ஏறக்குறைய 4,400 விலங்கினங்கள் இடம்பெற்றன. அத்தனையையும் அவர் தாமே தேடிச் சென்று பார்க்கவில்லை. பலரும் அனுப்பிவைத்தனர், மாணவர்களும் உலகெங்கும் போயினர். அவர்களுள் சிலர் திரும்பவேயில்லை. அவரிடம் பயின்ற கோனிக் 1768-இல் தரங்கம்பாடிக்கு வந்தார். பின்னர் சயாமுக்கும் நம் மலாக்காவுக்கும்கூட வந்து சென்றார்.

அந்தப் பத்தாம் பதிப்பில்தான் நம் இலைப்பேனும் இருக்கிறது. ஒரு பூவை வெள்ளைத் தாளின்மேல் தட்டிப் பாருங்கள். ஓரிரு மில்லிமீட்டர் நீளத்தில் தூசுபோல் விழுந்து, பிறகு நகரத் தொடங்கும். இன்னொரு சுவீடன் அறிஞரான டெ கீர், அதன் பாத நுனியில் குமிழ் போன்ற உறுப்பைக் கண்டு, 1744-இலேயே ‘ஃபிசாபஸ்’ என அழைத்திருந்தார். லின்னேயஸ் பேரினத்துக்குத் ‘திரிப்ஸ்’ என்று பெயரிட்டு, பழைய பெயரைச் சிற்றினப் பெயராக வைத்துக்கொண்டார். டாண்டிலியன் போன்ற மஞ்சள் பூக்களுக்குள் வாழும் அந்தப் பூச்சி இன்றும் ‘திரிப்ஸ் ஃபிசாபஸ்’தான்.

ஆனால் அவர் கொடுத்த இடம் நிலைக்கவில்லை. பூச்சிகளைச் சிறகை வைத்தே பிரித்த அவர், சிள்வண்டு, அசுவினி, செதில் பூச்சி ஆகியவற்றுக்குப் பின்னே, ஹெமிப்டெரா வரிசையின் கடைசியில் இதை வைத்தார். உற்றுப் பார்த்தால் இதன் சிறகு மெல்லிய குச்சியில் மயிர்க்குஞ்சம் கட்டியது போலிருக்கும். வாயில் இடத்தாடை மட்டுமே வளர்ந்திருக்கும், வலத்தாடை குன்றிப்போயிருக்கும். இப்படியொரு வாய் அசுவினிக்கு இல்லை. 1836-இல் அயர்லாந்தின் ஹாலிடே இவற்றைப் பிரித்து, குஞ்சச் சிறகு என்று பொருள்படும் ‘தைசனாப்டெரா’ என்ற தனி வரிசையாக்கினார். என்னைக் கேட்டால், லின்னேயஸைக் குறை சொல்வதற்கில்லை. ஏதோ ஓரிடத்தில் பெயரோடு வைத்ததால்தானே பின்னால் வந்தவர் எடுத்து மாற்றி வைக்க முடிந்தது?

இன்று இவ்வரிசையில் 6,000-க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. உணர்கொம்பின் கணுக்களையும் சிறகு நரம்பின் மயிர்களையும் எண்ணித்தான் பிரிக்க வேண்டும். இது வெறும் பெயர் ஆராய்ச்சியன்று. செடிகளுக்கு நச்சுயிரிகளைப் பரப்புபவை மிகச் சில இனங்களே. சுமத்திராவின் புகையிலைச் செடிகளில் கண்டு 1925-இல் கார்னி விவரித்த ‘திரிப்ஸ் பால்மி’ அவற்றுள் ஒன்று. தோட்டக்காரருக்கு வேண்டியது பூவுக்குள் இருப்பது அதுவா, இல்லையா என்ற விடைதான்.

இறுதி ஆண்டுகளில் பக்கவாதம் லின்னேயஸின் நினைவைப் பறித்தது. தாம் எழுதிய நூல்களையே தம்முடையவை என்று அறியாமல் வியந்து படித்தார் என்பர். 1778 ஜனவரி 10-இல் காலமானார். டெ கீரும் அதே ஆண்டு மார்ச்சில் மறைந்தார். லின்னேயஸின் நூல்களையும் உயிரின மாதிரிகளையும் 1784-இல் குடும்பத்தார் விற்றுவிட, ஜேம்ஸ் எட்வர்டு ஸ்மித் என்ற இளைஞர் அவற்றை வாங்கி லண்டனுக்குக் கப்பலேற்றினார்.