நுண்ணலை ஆய்ந்த அறிஞர்

எண்ணூர்த் துறைமுகத்தை நாடிவரும் கப்பல்கள் கரையோடு கம்பியின்றிப் பேசுகின்றன. அதற்கு உதவும் வானொலி அலைகளை ஆராய்ந்த முன்னோடிகளுள் ஒருவர் ஜகதீச சந்திர போஸ்.

1858-இல் வங்காளத்தில் தோன்றிய அவர், 1885-இல் கல்கத்தாவின் பிரசிடென்சிக் கல்லூரியில் ஆசிரியரானார். ஆங்கிலேயரினும் குறைந்த ஊதியம் தரப்பட்டது. அவர் சினந்து விலகினாரில்லை. மூன்றாண்டுகள் ஊதியத்தைத் தொடாமலே கற்பித்தார். இறுதியில் முழு ஊதியமும் நிலுவையோடு வந்தது.

1895-இல் அவர் எழுப்பிய அலைகள் சுவரை ஊடுருவிச் சென்று மணியை ஒலிக்கச் செய்தன. சில மில்லிமீட்டரே நீளமுள்ள அலைகளையும் அவர் உண்டாக்கி ஆராய்ந்தார். 1937-இல் மறைந்தார்.

பின்னாளில் வானியலார் அத்தகைய நுண்ணலைகளை வானில் தேடினர். பால்வழியின் நடுவிலிருந்து வரும் அலைகளுள் சிலவற்றை இடையிலுள்ள வாயு மூலக்கூறுகள் உறிஞ்சுவதைக் கண்டு, அவ்வாயு இன்னதெனத் தெளிந்தனர். மானம் குன்றாத உழைப்பு விண்ணையும் எட்டும்.