பூனைக் கணக்குப் போட்ட விஞ்ஞானி ஷ்ரோடிங்கர்

அணுவின் உலகத்துக்குக் கணக்கு எழுதிக் கொடுத்தவர் எர்வின் ஷ்ரோடிங்கர். ஆனால் உலகம் அவரை நினைவில் வைத்திருப்பது ஒரு பூனையால்! ஒரே நேரத்தில் உயிரோடும் இருக்கும், செத்தும் கிடக்கும் என்று சொல்லப்படும் பூனை அது. அந்தப் பூனையை அவர் எதற்காகச் சொன்னார் என்பது பலருக்குத் தெரியாது.

வியன்னாவில் பிறந்தவர்

ஷ்ரோடிங்கர் 1887-ஆம் ஆண்டு ஆகஸ்டு 12-ந் தேதி ஆஸ்திரியாவின் தலைநகர் வியன்னாவில் பிறந்தார். வியன்னா பல்கலைக்கழகத்தில் பௌதிகம் படித்து 1910-ல் டாக்டர் பட்டம் பெற்றார். முதல் உலகப்போர் வந்தது. பீரங்கிப் படையில் அதிகாரியாக இத்தாலி எல்லைக்குப் போனார். போர் முடிந்தபின், 1921-ல் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் பேராசிரியரானார்.

1925 கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு அரோசா என்ற மலை ஊருக்குச் சென்றார். டி பிராலி என்ற பிரெஞ்சு விஞ்ஞானி, எலெக்ட்ரானுக்கும் அலைத்தன்மை உண்டு என்று 1924-ல் கூறியிருந்தார். அந்த அலைக்கு உரிய கணக்கை ஷ்ரோடிங்கர் கண்டுபிடித்து, 1926-ல் வெளியிட்டார். ஷ்ரோடிங்கர் சமன்பாடு என்று இன்று எல்லாக் கல்லூரிகளிலும் பாடமாக இருப்பது அதுதான்.

உபநிஷதங்களில் அவருக்கு மிகுந்த ஈடுபாடு உண்டு. அதை வைத்து, இந்தச் சமன்பாடே வேதாந்தத்திலிருந்து வந்தது என்று சிலர் பேசுவது உண்டு. அது மிகை. கணக்கு வந்த வழி டி பிராலியின் அலை வழி.

குளமும் ரெயிலும்

பத்மதீர்த்தக் குளத்தில் இரண்டு மழைத்துளிகள் அருகருகே விழுந்தால் இரண்டு வளையங்கள் கிளம்புகின்றன. ஒன்றின் மேல் ஒன்று படிந்து செல்கின்றன. சில இடங்களில் நீர் கூடுதலாக எழும்புகிறது. சில இடங்களில் அடங்கி விடுகிறது. எலெக்ட்ரானின் அலையும் இப்படித்தான். இரண்டு துவாரங்கள் திறந்திருந்தால், ஒரே எலெக்ட்ரானின் அலை இரண்டு வழியிலும் சென்று ஒன்றோடொன்று கலக்கிறது. இந்தக் கலப்பு நிலைக்குப் பாடநூலில் மேற்பொருந்துதல் என்று பெயர்.

இதை அறியாமையோடு குழப்பிக் கொள்ளக்கூடாது. நாகர்கோவிலிலிருந்து வரும் பாசஞ்சர் ரெயில் பாறசாலையில் நிற்கிறதா, நெய்யாற்றின்கரைக்கு வந்துவிட்டதா என்று தம்பானூரில் காத்து நிற்பவருக்குத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் ரெயில் ஏதோ ஓர் இடத்தில்தான் இருக்கிறது. எலெக்ட்ரான் விஷயம் அப்படி அல்ல. ஏதோ ஒரு வழியில் மட்டும் போயிருந்தால், இரண்டு அலைகள் கலந்த தடம் திரையில் விழவே விழாது. அந்தத் தடம் விழுகிறது.

பூனை வந்த கதை

ஷ்ரோடிங்கரின் அலையை, எலெக்ட்ரான் எங்கே அகப்படும் என்ற வாய்ப்பைக் கூறும் கணக்கு என்று 1926-ல் விளக்கியவர் மாக்ஸ் போர்ன். இவர் 1935-36-ல் சர். சி. வி. ராமனின் அழைப்பில் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் சில மாதங்கள் பணியாற்றியவர். போர்னின் விளக்கம் ஷ்ரோடிங்கருக்குக் கடைசிவரை பிடிக்கவில்லை.

1927-ல் மாக்ஸ் பிளாங்க் வகித்த பெர்லின் பதவிக்கு வந்த ஷ்ரோடிங்கர், 1933-ல் ஹிட்லர் ஆட்சியைச் சகிக்காமல் ஆக்ஸ்போர்டு சென்றார். அதே ஆண்டு டிராக்குடன் நோபல் பரிசைப் பகிர்ந்து கொண்டார். 1935-ல் அந்தப் பூனைக் கட்டுரையை எழுதினார்.

மூடிய இரும்புப் பெட்டிக்குள் ஒரு பூனை. கூடவே சிறிதளவு கதிரியக்கப் பொருள். ஒரு மணி நேரத்தில் அதில் ஓர் அணு சிதையலாம், சிதையாமலும் போகலாம். சிதைந்தால் ஒரு சுத்தியல் விழுந்து விஷக் குப்பியை உடைக்கும், பூனை சாகும். அணு இரண்டு நிலையும் கலந்து இருக்கிறது என்றால், பூனையும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று கணக்கு சொல்கிறது. இது நம்பத் தகுந்ததா? அணுவுக்குச் செல்லும் கணக்கு கண்ணுக்குத் தெரியும் பொருளுக்கும் செல்லுமா? இதைக் கேட்கவே அவர் பூனையைக் கொண்டுவந்தார். உண்மையான பூனை எதையும் அவர் பெட்டியில் அடைக்கவில்லை.

நாடு விட்டு நாடு

1936-ல் ஆஸ்திரியாவின் கிராஸ் நகருக்குத் திரும்பினார். இரண்டே ஆண்டில் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கினார். பதவியைக் காக்க, புதிய ஆட்சியை ஏற்பதாக ஷ்ரோடிங்கர் பத்திரிகையில் ஒரு கடிதம் வெளியிட்டார். அதற்காகப் பின்னால் வருந்தினார். கடிதமும் அவரைக் காப்பாற்றவில்லை. அதே ஆண்டு வேலை பறிபோய், மனைவியோடு ரோமுக்குத் தப்பினார்.

1939-ல் அயர்லாந்துப் பிரதமர் டி வலேராவின் ஆதரவில் டப்ளின் சேர்ந்தார். அங்கே 17 ஆண்டுகள் வாழ்ந்தார். உயிர் என்றால் என்ன என்பது பற்றி அவர் 1944-ல் வெளியிட்ட சிறு நூல், பரம்பரை மூலக்கூறை ஆராய்ந்த இளம் விஞ்ஞானிகளுக்குத் தூண்டுகோலாயிற்று. 1956-ல், 68-ஆம் வயதில்தான் சொந்த ஊரான வியன்னாவுக்குத் திரும்பினார்.

அவரது தனி வாழ்க்கையில் மறைக்க முடியாத களங்கமும் உண்டு. இளம் பெண்களிடம் தவறாக நடந்தார் என்ற புகார்களை முன்னிட்டு, டப்ளின் டிரினிட்டி கல்லூரி 2022-ல் ஒரு விரிவுரை மண்டபத்துக்கு இட்டிருந்த அவர் பெயரை நீக்கியது.

பூனைக்கு விடை

அவர் கேட்ட கேள்விக்கு இப்போது பாதி விடை கிடைத்திருக்கிறது. 1970-ல் ஜெர்மன் விஞ்ஞானி டீட்டர் ட்சே வழி காட்டினார். பெரிய பொருள் எதுவும் தனித்து இருப்பதில்லை. காற்றும் வெளிச்சமும் வெப்பமும் ஓயாமல் அதன் மேல் மோதுகின்றன. ஒவ்வொரு மோதலும் கலப்பைக் குலைக்கிறது. பூனை விஷயத்தில் அது நினைத்துப் பார்க்க முடியாத வேகத்தில் குலைந்துவிடும். நம் வீட்டு நாற்காலி இரண்டு இடத்தில் இராததற்குக் காரணம் இதுதான்.

மோதலைத் தடுத்தால்? 1999-ல் வியன்னாவில் 60 கார்பன் அணுக்கள் கொண்ட பந்து போன்ற மூலக்கூறு அலைபோல் நடந்துகொண்டது. 2019-ல் சுமார் 2,000 அணுக்கள் கொண்ட மூலக்கூறிலும் அதைக் கண்டார்கள். 2023-ல் சூரிச்சில் 16 மைக்ரோகிராம் எடையுள்ள ஒரு படிகத்தின் அதிர்வையே இரண்டு நிலையும் கலந்ததாக ஆக்கிக் காட்டினார்கள். மணல் துகள் அளவுதான். அதிர்வும் அணுவைவிட மிகச் சிறியது. ஆனாலும் கோடானுகோடி அணுக்கள் சேர்ந்து செய்த காரியம் அது.

மீதிப் பாதி விடை இன்னும் பாக்கி. கலப்பு குலைந்தபின் உயிர், சாவு இரண்டில் ஒன்று மட்டும் நம் கண்ணில் படுவது ஏன்? விஞ்ஞானிகளிடையே இன்றும் இதில் ஒருமித்த கருத்து இல்லை.

ஷ்ரோடிங்கர் 1961-ஆம் ஆண்டு ஜனவரி 4-ந் தேதி காசநோயால் வியன்னாவில் காலமானார். ஆல்ப்பாக் என்ற மலைக் கிராமத்தில் அடக்கம் செய்யப்பட்டார். கல்லறைச் சிலுவையில் அவருடைய சமன்பாடு பொறிக்கப்பட்டிருக்கிறது. இவ்வளவு எடைக்கு மேல் செல்லாது என்று அதில் எல்லை எதுவும் இல்லை. எல்லை உண்டா என்று சோதிப்பவர்கள், அவர் பிறந்த ஊரிலும் அவர் கணக்குப் போட்ட ஊரிலும் படிப்படியாக எடையைக் கூட்டிக்கொண்டு போகிறார்கள்.