பிறந்த நாளைத் தேடியவர்

அமெரிக்காவின் கிழக்குக் கரையில், செசபீக் விரிகுடாவை ஒட்டி மேரிலாந்து மாநிலம் உள்ளது. அங்கு டக்கஹோ என்னும் சிற்றாற்றின் அருகே ஒரு மரக்குடிசையில் பெட்ஸி பெய்லி என்னும் மூதாட்டி வாழ்ந்து வந்தார். மீன் வலை பின்னுவதில் அவர் கைதேர்ந்தவர். சர்க்கரைவள்ளிக்கிழங்கு நடுவதில் அவருக்குக் கைராசி உண்டென்று ஊரார் நம்பினர். ஆகவே, நடவுக் காலத்தில் அவரைத் தேடி வந்து அழைத்துச் செல்வார்கள்.

அந்தக் குடிசை நிறையப் பேரப்பிள்ளைகள் இருந்தனர். ஆனால், அவர்களைப் பெற்ற தாய்மார்கள் அங்கில்லை. அவர்கள் வெவ்வேறு பண்ணைகளில் வேலைக்கு அனுப்பப்பட்டிருந்தனர். பிள்ளைகளை வளர்ப்பது பாட்டியின் வேலை. வளர்ந்த பிள்ளைகளை எடுத்துச் செல்வது முதலாளியின் உரிமை. பெட்ஸியும் அவருடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அடிமைகள். தாத்தா ஐசக் மட்டும் அடிமை அல்லர். ஆயினும், அதனால் பிள்ளைகளுக்கு எந்தப் பயனும் இல்லை. தாய் அடிமையாக இருந்தால் பிள்ளையும் அடிமையே என்று சட்டம் கூறியது.

அந்தப் பேரப்பிள்ளைகளுள் ஒருவன் பிரெடரிக். பின்னாளில் பிரெடரிக் டக்ளஸ் என்னும் பெயரில் உலகம் போற்றிய பேச்சாளராகவும் எழுத்தாளராகவும் விளங்கியவர் அவரே. தந்தை ஒரு வெள்ளையர் என்று மட்டும் அவன் கேள்விப்பட்டிருந்தான். தாயின் பெயர் ஹாரியட் என்பது தெரியும். தான் பிறந்த நாள் மட்டும் தெரியவில்லை. அடிமைகள் தங்கள் பிள்ளைகளின் பிறப்பை நடவுக் காலம், அறுவடைக் காலம் என்றுதான் நினைவில் வைத்திருந்தனர்.

பிரெடரிக்கிற்கு ஆறு வயதானபோது, பாட்டி ஒருநாள் காலையில் அவனை அழைத்துக்கொண்டு புறப்பட்டார். ஏறக்குறைய 12 மைல் தூரம். அவன் களைத்தபோது பாட்டி அவனைத் தோளில் தூக்கிக்கொண்டார். இருவரும் லாய்ட் குடும்பத்தின் பெருந்தோட்டத்தை அடைந்தனர். அங்கே ஓடி விளையாடிய பிள்ளைகளுள் மூவரைக் காட்டி, அவர்கள் அவனுடைய அண்ணன் பெர்ரி, அக்காள்மார் சாரா, எலைசா என்று பாட்டி அறிமுகம் செய்துவைத்தார். உடன்பிறந்தவர்களை அவன் அன்றுதான் முதன்முதலில் பார்த்தான். அவர்களோடு விளையாடும்படி கூறிவிட்டுப் பாட்டி நகர்ந்தார். சற்று நேரத்தில், பாட்டி போய்விட்டார் என்று ஒரு பிள்ளை கத்தியது. பிரெடரிக் சமையலறைக்கு ஓடிப் பார்த்தான். பாட்டி அங்கில்லை. அவன் தரையில் விழுந்து அழுதான். அண்ணனும் அக்காள்மாரும் கொடுத்த பழங்களையும் வீசி எறிந்தான்.

அந்தத் தோட்டத்தின் உரிமையாளர் கர்னல் எட்வர்ட் லாய்ட். மேரிலாந்தின் ஆளுநராகவும் நாடாளுமன்ற மேலவை உறுப்பினராகவும் இருந்தவர். அவருடைய நிலங்களில் நூற்றுக்கணக்கான அடிமைகள் உழைத்தனர். அந்த நிலங்களை நிர்வகித்தவர் ஆரன் ஆண்டனி. பிரெடரிக்கும் அவன் குடும்பமும் ஆண்டனியின் சொந்த அடிமைகள். ஆகவே, அவன் ஆண்டனி வீட்டில் வைக்கப்பட்டான்.

கர்னலின் வெண்ணிற மாளிகை சற்றுத் தொலைவில் இருந்தது. விரிகுடாவின் சிப்பியும் நண்டும் காட்டு வாத்தும் அதன் உணவு மேசையை நிரப்பின. பரிமாறவும் விசிறவும் ஏவல் செய்யவும் பதினைந்து வேலைக்காரர்கள் இருந்தனர் என்று டக்ளஸ் பின்னர் எழுதியுள்ளார். மாளிகையின் பழத்தோட்டத்தைக் காண வெளியூர்களிலிருந்தும் விருந்தினர் வருவர். பசியால் பழம் திருடும் சிறுவர்களைப் பிடிக்கக் கர்னல் ஒரு வழி கண்டுபிடித்தார். வேலி முழுவதும் தார் பூசச் செய்தார். உடம்பில் தார் ஒட்டியிருந்தவனுக்குச் சாட்டையடி கிடைத்தது. பழத்தைத் தொட்டானா இல்லையா என்று யாரும் கேட்கவில்லை.

வயலில் உழைத்த ஒருவருக்கு மாதத்திற்கு எட்டு இராத்தல் பன்றி இறைச்சி அல்லது மீனும், ஒரு புஷல் அளவு சோள மாவும் அளந்து கொடுக்கப்பட்டன. சிறுவர்களுக்கு ஆண்டிற்கு இரண்டு முரட்டுத் துணிச் சட்டைகள் மட்டுமே. காலணியோ கால்சட்டையோ கிடையாது. சட்டை கிழிந்துவிட்டால், அடுத்த ஆண்டு வரும்வரை வெற்றுடம்புதான். சோளக்கூழை ஒரு மரத்தொட்டியில் ஊற்றித் தரையில் வைப்பார்கள். பிள்ளைகள் சிப்பி ஓடுகளால் அள்ளிக் குடிப்பார்கள். விரைவாகக் குடித்தவனுக்கே வயிறு நிறையும். குளிர்காலத்தில், சோளம் கொண்டுசெல்லும் சாக்குப்பைக்குள் தலையை நுழைத்துக்கொண்டு, சமையலறையின் சிறு அறையில் பிரெடரிக் உறங்கினான். கால்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பனியில் அவை பிளந்துவிட்டன. அந்தப் பிளவில் ஓர் எழுதுகோலை வைக்கலாம் என்று அவர் பின்னாளில் குறிப்பிட்டார்.

அவனுடைய வேலைகள் கடினமானவை அல்ல. மாலையில் மாடுகளை ஓட்டி வருவான், கோழிகளைத் தோட்டத்திலிருந்து விரட்டுவான், முற்றத்தைக் கூட்டுவான். கர்னலின் இளைய மகன் டேனியல் சுட்டு வீழ்த்திய பறவைகளைத் தேடிக் கொடுப்பான். இரு சிறுவர்களும் நண்பர்களாயினர். ஒருவன் மற்றவன் குடும்பத்துப் பணியாளுக்குச் சொந்தமான பொருள் என்பது விளையாட்டில் மறந்துபோகும். சாப்பாட்டு நேரத்தில் நினைவுக்கு வந்துவிடும்.

ஆண்டனி வீட்டுச் சமையற்காரி கேட்டி அத்தையும் ஓர் அடிமைதான். ஆனால், சமையலறையில் அவள் வைத்ததே சட்டம். தன் பிள்ளைகளுக்கு நிறையக் கொடுத்துவிட்டுப் பிரெடரிக்கைப் பட்டினி போடுவாள். ஒருநாள் முழுவதும் அவனுக்கு உணவில்லை. அன்றிரவு எதிர்பாராமல் அவன் தாய் ஹாரியட் வந்து நின்றார். தாம் வேலை செய்த பண்ணையிலிருந்து 12 மைல் நடந்து வந்திருந்தார். சூரியன் உதிக்குமுன் வயலில் நிற்காவிட்டால் சாட்டையடி கிடைக்கும். ஆகவே, அதே இரவில் அந்தத் தூரத்தை அவர் திரும்பவும் நடக்க வேண்டும். மகனின் பசியை அறிந்து கேட்டியைக் கடுமையாகக் கண்டித்தார். அவனுக்கு இஞ்சி கேக் ஒன்றைக் கொடுத்தார். தனக்கும் ஒரு தாய் இருக்கிறார் என்பதைப் பிரெடரிக் அன்றிரவு உணர்ந்தான். தாயின் மடியிலேயே உறங்கிப் போனான். விழித்தபோது அவர் இல்லை.

அதன்பின் அவன் தாயைப் பார்க்கவில்லை. அவனுக்கு ஏழு வயது இருக்கும்போது ஹாரியட் நோயுற்று இறந்தார். நோயிலும் அடக்கத்திலும் மகனுக்கு இடமளிக்கப்படவில்லை. வாழ்நாளில் நான்கைந்து முறை மட்டுமே அவன் தாயைக் கண்டிருந்தான், அதுவும் பெரும்பாலும் இருளில்.

1826-இல் பிரெடரிக் பால்டிமோர் நகருக்கு அனுப்பப்பட்டான். அங்கே ஹியூ ஆல்ட், சோபியா தம்பதியரின் சிறு மகன் தாமியைக் கவனித்துக்கொள்ள வேண்டும். சோபியா திருமணத்திற்கு முன் நெசவு செய்து பிழைத்தவர். அதுவரை அடிமை வைத்துப் பழகாதவர். அவனைத் தம் பிள்ளையைப் போல நடத்தினார். அவன் கேட்டபோது எழுத்துகளையும் கற்பிக்கத் தொடங்கினார். அவனுடைய முன்னேற்றத்தைக் கணவரிடம் பெருமையுடன் கூறினார். கணவரோ உடனே தடுத்துவிட்டார். படிக்கத் தெரிந்தவன் அடிமையாக இருக்கமாட்டான் என்பது அவர் கருத்து. அந்தக் கருத்து சரியானது என்பதைப் பிரெடரிக் அக்கணமே புரிந்துகொண்டான். விடுதலைக்கான வழியை எசமானரே அவனுக்குக் காட்டிக் கொடுத்துவிட்டார்!

சோபியாவின் மனம் மெல்ல மாறியது. அவன் கையில் செய்தித்தாளைக் கண்டால் பாய்ந்து பிடுங்கினார். அடிமை முறை அடிமைகளை மட்டுமல்லாமல், நல்ல மனம் கொண்ட எசமானியையும் கெடுத்துவிட்டது என்று டக்ளஸ் கருதினார். அவர்மீது கோபத்தைவிட இரக்கமே டக்ளஸின் எழுத்தில் மிகுதியாக உள்ளது.

ஆனால், பிரெடரிக் படிப்பை நிறுத்தவில்லை. தெருவில் விளையாடிய ஏழை வெள்ளைச் சிறுவர்களுக்கு ரொட்டி கொடுத்துப் பாடம் கேட்டான். கப்பல் கட்டும் துறையில் மரத்துண்டுகள்மீது தச்சர்கள் குறித்த எழுத்துகளைப் பார்த்து எழுதிப் பழகினான். வீட்டில் யாருமில்லாத நேரத்தில், தாமியின் பழைய பயிற்சி ஏடுகளில் எஞ்சியிருந்த இடத்தில் எழுதினான்.

இதனிடையே ஆரன் ஆண்டனி இறந்தார். 1827-இல் சொத்துப் பிரிவினைக்காகப் பிரெடரிக் மீண்டும் தோட்டத்திற்குக் கொண்டுவரப்பட்டான். குதிரைகள், மாடுகள், பன்றிகளோடு ஆண்களும் பெண்களும் குழந்தைகளும் வரிசையில் நிறுத்தப்பட்டு விலை மதிக்கப்பட்டனர். ஒரு குடும்பம் பல பங்குகளாகப் பிரிந்தது. பிரெடரிக், ஆண்டனியின் மருமகன் தாமஸ் ஆல்ட்டின் பங்கில் சேர்ந்தான். பாட்டி வேறொரு பங்கில் சேர்ந்தார்.

பின்வந்த ஆண்டுகளில் அவன் வயலில் சாட்டையடி பட்டான்; அடித்தவனை ஒருமுறை எதிர்த்து நின்றான்; தப்ப முயன்று சிறைக்கும் சென்றான். இறுதியாக 1838 செப்டம்பர் 3-ஆம் நாள், மாலுமி உடையணிந்து, இரவல் வாங்கிய ஆவணத்துடன் இரயில் ஏறினான். ஒரு நாளுக்குள் நியூயார்க்கை அடைந்தான். பயணத்திற்குத் தம் சேமிப்பைக் கொடுத்து உதவியவர் அன்னா மரே என்னும் சுதந்திரப் பெண். சில நாள்களில் இருவரும் திருமணம் செய்துகொண்டனர். தேடுவோரிடமிருந்து தப்ப, டக்ளஸ் என்னும் புதிய குடும்பப் பெயரை அவர் சூட்டிக்கொண்டார்.

1845-இல் டக்ளஸ் தம் வாழ்க்கை வரலாற்றை எழுதி வெளியிட்டார். முதலாளிகளின் பெயர்களையும் ஊர்களையும் மறைக்காமல் எழுதியதால், மீண்டும் பிடிபடும் ஆபத்து ஏற்பட்டது. பிரிட்டனுக்குச் சென்ற அவருக்கு, அங்கிருந்த நண்பர்கள் ஏறக்குறைய 700 டாலர் திரட்டி விடுதலை வாங்கிக் கொடுத்தனர். நாடு திரும்பி, 1847-இல் ‘வடமீன்’ என்னும் பொருள்படும் பெயரில் ஒரு செய்தித்தாளைத் தொடங்கினார். தம் முதுமையில் பாட்டி கைவிடப்பட்டார் என்று முதல் நூலில் எழுதியிருந்தார். தாமஸ் ஆல்ட் அவரைத் தம் வீட்டிற்கு அழைத்துச் சென்றார் என்பதைப் பின்னர் அறிந்ததும், 1849-இல் அச்செய்தித்தாளிலேயே அதைத் திருத்தி வெளியிட்டார். அடிமை முறையை எதிர்க்கும் போராட்டத்திலும் அவர் உண்மையையே விரும்பினார்.

1860-இல் அமெரிக்காவில் ஏறக்குறைய 40 இலட்சம் அடிமைகள் இருந்தனர். உள்நாட்டுப் போருக்குப் பின், 1865-இல் அடிமை முறை ஒழிக்கப்பட்டது. அப்போரில் டக்ளஸின் புதல்வர் இருவர் படைவீரர்களாக இருந்தனர்.

1877-இல் டக்ளஸ் அரசாங்கத்தில் உயர்ந்த பதவி வகித்தபோது, தாமஸ் ஆல்ட் மரணப் படுக்கையில் இருந்தார். அவர் அழைப்பை ஏற்று டக்ளஸ் சென்றார். ஆல்ட்டின் கைகள் நடுங்கின. சிறிது நேரம் இருவராலும் பேச முடியவில்லை. பிறகு டக்ளஸ் கேட்டவற்றுள் ஒன்று, தாம் பிறந்தது எப்போது என்பது. 1818 பிப்ரவரியாக இருக்கலாம் என்று ஆல்ட் நினைவுகூர்ந்தார். டக்ளஸ் அதுவரை 1817 என்றே எண்ணியிருந்தார்.

நான்கு ஆண்டுகளுக்குப் பின் அவர் லாய்ட் மாளிகைக்கும் சென்றார். கர்னலின் வழித்தோன்றல்கள் அவரை வரவேற்று, வராந்தாவில் அமரவைத்து உபசரித்தனர். ஒருகாலத்தில் தார் பூசிய வேலிக்குப் பின்னால் இருந்த தோட்டத்தில் அவர் உலாவினார். குடும்பக் கல்லறைகளின் அருகே பறித்த மலர்களை இளைஞர் ஒருவர் அவருக்குக் கொத்தாகக் கட்டிக் கொடுத்தார். ஆண்டனி வீட்டின் சமையலறையையும் டக்ளஸ் பார்த்தார். சாக்குப்பைக்குள் உறங்கிய சிறு அறை அப்படியே இருந்தது.

அவர் பிப்ரவரி 14-ஆம் நாளைத் தம் பிறந்த நாளாகக் கொண்டாடினார். அன்பர் தினமாகிய அந்த நாளின் பெயரைச் சொல்லியே தாய் அவரைச் செல்லமாக அழைத்ததாக அவருக்கு ஞாபகம். 1895 பிப்ரவரி 20-ஆம் நாள் அவர் மறைந்தார். பல்லாண்டுகளுக்குப் பிறகு, ஆரன் ஆண்டனியின் கணக்குப் புத்தகத்தை ஆய்வாளர்கள் புரட்டினர். தம் உடைமைகளின் பிறப்பை ஆண்டனி அதில் வரிசையாகக் குறித்திருந்தார். ஹாரியட்டின் மகன் பிரெடரிக் பிறந்தது 1818 பிப்ரவரி என்று ஒரு வரி இருந்தது. நாள் குறிக்கப்படவில்லை.